ஜிபியு குளிர்ந்தால் மட்டும் போதாது

கிராபிக்ஸ் கார்டோடு வந்த கூலரைக் கழற்றி வேறொன்றை மாட்டியபின், ஜிபியுவின் வெப்பநிலை இறங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று வாதிடுவோர் உண்டு. இது பாதி உண்மை. விட்டுப்போன மறுபாதிதான் கார்டுக்கு ஆபத்து.

கூலர் குளிர்விக்க வேண்டியது ஜிபியுவை மட்டுமல்ல. அதைச் சுற்றியுள்ள மெமரி சிப்புகளும் மின்னழுத்தத்தைச் சீராக்கும் பாகங்களும்கூடக் கடுமையாகச் சூடாகின்றன. 2020இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 3090 இதற்குச் சான்று. அதன் 24 ஜிபி மெமரி, பலகையின் இருபுறமும் 12 சிப்புகள் வீதம் அமர்ந்திருக்கிறது. முன்புறம் எவ்வளவு பெரிய கூலரை மாட்டினாலும் பின்புறச் சிப்புகளை அது தொடாது. ஜிபியு 65 டிகிரியில் இருக்கும்போதே மெமரி 100ஐத் தாண்டலாம். 110ஐ எட்டினால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மெமரிக்கும் கூலருக்கும் இடையே வைக்கும் தெர்மல் பேடின் தடிமனும் முக்கியம். அரை மில்லிமீட்டர் கூடினால் கூலர் ஜிபியுவின்மேல் சரியாக உட்காராது. குறைந்தால் மெமரியைத் தொடாது. ஒருமுறை மாட்டிக் கழற்றினால், ஜிபியுவின்மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் முழுக்கப் பரவியிருக்கிறதா, ஒவ்வொரு பேடிலும் சிப்பின் தடம் பதிந்திருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும்.

சோதனையிலும் நேர்மை வேண்டும். ஒரு கூலரில் அறை 24 டிகிரி, ஜிபியு 70 என்றால் வித்தியாசம் 46. இன்னொன்றில் அதே சுமையில் அறை 32, ஜிபியு 72 என்றால் 40. ஜிபியுவில் கூடுதல் எண்ணைக் காட்டிய இரண்டாவது கூலரே சிறந்தது. ஆகவே பழையதையும் புதியதையும் ஒரே சுமையில், ஒரே இரைச்சல் அளவில், அரை மணி நேரமாவது ஓட்டி, அறை வெப்பநிலையைக் கழித்து, மெமரியின் சூட்டையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.