"அதான் 5 லட்சம் கார்டு இருக்கே" என்பவர்களுக்கு

தோழர்களே, நம்ம பக்கத்துல மருத்துவம் பத்தி எதைப் போட்டாலும் ஒரு கமெண்ட் தவறாம வருது. "அதான் மோடி 5 லட்சம் ரூபாய்க்கு ஆயுஷ்மான் கார்டு கொடுத்திருக்காரே, இன்னும் என்ன அழுகை?" இதுக்கு ஒரு தடவை முழுசா பதில் சொல்லிடுவோம்.

உங்க அம்மாவுக்குக் காய்ச்சல். மயிலம் பக்கம் ஒரு கிராமம்னு வெச்சுக்குங்க. மூணு நாள் மெடிக்கல்ல கேட்டு மாத்திரை போட்டாச்சு, கேட்கல. திண்டிவனம் கூட்டிட்டுப் போறீங்க. டெங்கு இல்ல. டைபாய்டு இல்ல. ஆனா பிளேட்லெட் இறங்குது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கறாங்க. முண்டியம்பாக்கமா, புதுச்சேரியா, மெட்ராஸான்னு வீட்ல ஒரு பஞ்சாயத்து. அட்மிட் ஆன பிறகு எலிக்காய்ச்சலா, காசநோயா, வேற ஏதாவதான்னு ஒவ்வொண்ணா பார்க்கறாங்க. நீங்க வராண்டாவுல பாய் போட்டுப் படுத்திருக்கீங்க. ஊர்லேர்ந்து போன் மேல போன், "என்ன நோயாம்?" "இன்னும் சொல்லலைங்க."

அந்த "இன்னும் சொல்லலை" நாட்களுக்கு 5 லட்சம் கார்டு என்ன கொடுக்கும்? சந்தேகம் இருந்தா விதிமுறையை எடுத்துப் படிங்க. வெளிநோயாளி செலவு கிடையாது. அட்மிட் ஆனா மட்டும், அதுக்கு முந்தைய 3 நாள் செலவு சேரும். நோயைக் கண்டுபிடிக்க மட்டும் ஆகுற செலவு விலக்குப் பட்டியல்ல இருக்கு. ஏன்னா இந்தத் திட்டமே 'பேக்கேஜ்' கணக்குல ஓடுது. இதய அடைப்புக்கு இவ்வளவு, மூட்டு மாத்த இவ்வளவுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரேட்.  

போன வருஷம் எங்க அப்பாவோட நானும் ஒன்பது நாள் இப்படி இருந்தேன். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம், அங்கிருந்த டாக்டருங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. கடைசியில ஒரு பயிற்சி மருத்துவர் அக்கா, அப்பா அக்குளுக்குக் கீழ சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கைப் பார்த்தாங்க. ஸ்க்ரப் டைபஸ். புதர்ல, வரப்புல இருக்கற கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடிச்சு வர்றது. விவசாய வேலைக்குப் போற யாருக்கும் வரலாம். விட்டா நுரையீரல், சிறுநீரகம் வரைக்கும் போகும். டாக்ஸிசைக்ளின் மாத்திரை ஆரம்பிச்சாங்க, ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்கிடுச்சு. இஞ்சினியரிங் படிச்ச புத்தி, எல்லாத்தையும் எக்செல்ல போட்டு வெச்சிருந்தேன். ஸ்கேன், வெளி லேப், வண்டி எல்லாம் சேர்த்து தேடினதுக்குப் பதினெட்டாயிரம். குணமாக்கின மாத்திரைக்கு நூறு ரூபாய்கூட இல்ல. கார்டு பர்ஸுலயே இருந்துச்சு.

காசு தேவைப்படுற இடம் ஒண்ணு, கார்டு காசு கொடுக்கற இடம் வேற.

சரி, ஒன்றிய அரசோட சொந்த ஆஸ்பத்திரிக்கு வருவோம். திண்டிவனத்துலேர்ந்து புதுச்சேரி போற ரோட்டுல, கோரிமேட்டுல இருக்கு ஜிப்மர். விழுப்புரம் மாவட்டத்துக்காரங்க தலைமுறையா நம்பிப் போற இடம். 2023 மார்ச்சில் அங்க என்ன செஞ்சாங்க? வறுமைக்கோட்டுக்கு மேல இருக்கறவங்களுக்கு 63 உயர் பரிசோதனை, சிகிச்சைகளுக்குக் கட்டணம்னு அறிவிச்சாங்க. இலவசத்துக்கு வெச்ச அளவுகோல் மாச வருமானம் 2,499 ரூபாய்க்குள்ள. 2025-26ல நம்ம மாநிலத்துல நூறு நாள் வேலைக் கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். எட்டு நாள் மண் வெட்டினா 2,688. அதாவது மாசத்துல எட்டு நாள் வேலைக்குப் போன அம்மா, இவங்க கணக்குல வசதியானவங்க!

2017 தேசிய சுகாதாரக் கொள்கையில, 2025க்குள்ள நாட்டு உற்பத்தியில 2.5 சதவீதத்தை அரசு மருத்துவத்துக்குச் செலவு செய்யும்னு எழுதினதும் இவங்கதான். 2021-22ல ஒன்றியமும் மாநிலங்களும் சேர்ந்தே 1.84 சதவீதம். அந்த 2025 வந்து போயாச்சு.

மாநில அரசையும் விட்டுட்டுப் பேசல. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துல சில பரிசோதனைகளுக்கு இடம் இருக்கு, ஆனா அடிப்படை அதே பேக்கேஜ்தான். அதேசமயம் நல்ல முன்மாதிரியும் நம்மகிட்டயே இருக்கு. 2021 டிசம்பர் 18, திண்டிவனத்துக்குப் பக்கத்துல மேல்மருவத்தூர்ல தொடங்கின 'இன்னுயிர் காப்போம்' திட்டம். சாலை விபத்துல அடிபட்டா முதல் 48 மணி நேரம் கார்டு வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம், எந்த ஊர்னுகூடக் கேட்க மாட்டாங்க. தமிழ்நாட்டால இது முடிஞ்சிருக்கு. பேர் தெரியாத காய்ச்சலுக்கும் முதல் ஒரு வாரம் அதையே செய்யச் சொல்றோம். டாக்டர் எழுதற எந்த டெஸ்டும் இலவசம், அங்க வசதி இல்லைன்னா வெளி லேப் பில்லை அரசே கட்டணும். திண்டிவனத்துலயே ரிசல்ட் வரணும். கூட இருக்கறவங்களுக்குப் படுக்க ஒரு கூடம், குளிக்க ஒரு இடம். ராத்திரி மரத்தடியில படுத்த எந்தத் தோழரும் இதைச் சின்ன கோரிக்கைன்னு சொல்ல மாட்டார்.

உங்க வீட்ல யாராவது இப்படிப் படுத்திருந்தா, டெஸ்ட் எழுதின சீட்டையும் வெளி லேப் பில்லையும் தூக்கிப் போடாதீங்க. பேர், போன் நம்பரை மறைச்சு, எத்தனை நாள் கழிச்சு நோய் தெரிஞ்சுதுன்னு எழுதி நம்ம பக்கத்துக்கு அனுப்புங்க. அடுத்த தடவை அந்த 5 லட்சம் கமெண்ட் வரும்போது, கீழ அந்த பில்லைத்தான் போடப்போறோம்.