எர்ரரை முழுங்காதீங்க!



ராத்திரி ரெண்டு மணி. ஹாஸ்டல் ரூம். அரை மணி நேரமா சமர்த்தா ஓடிட்டிருந்த உங்க மேட்லாப் புரோகிராம் பொசுக்குன்னு நின்னுடுது. ஸ்கிரீன்ல சிவப்பா ரெண்டு வரி. பக்கத்துல அரைத் தூக்கத்துல இருக்கிற நண்பன் என்ன சொல்வான்? "மச்சி, ஒரு ட்ரை-கேட்ச் போட்டுடு. எர்ரரே வராது!"

எங்க ஃபைனல் இயர் புராஜெக்ட்ல நாங்களும் அதைத்தான் செஞ்சோம். வைவா அன்னிக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டோம். அந்தக் கதையைக் கேட்டுட்டு, நீங்களாவது தப்பிச்சுக்கோங்க.

ஈ.சி.ஜி. சிக்னல்ல இதயத் துடிப்பைக் கண்டுபிடிக்கிறதுதான் புராஜெக்ட். அதுக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்துற எம்.ஐ.டி. - பி.ஐ.எச். அரித்மியா டேட்டாபேஸை எடுத்தோம். 47 பேர்கிட்ட பதிவு செய்த 48 ரெக்கார்டுகள். ஒவ்வொண்ணும் அரை மணி நேரம், செகண்டுக்கு 360 சாம்பிள்.

ரெக்கார்டுகளோட நம்பர் 100-ல ஆரம்பிச்சு 234-ல முடியும். ஆனா வரிசையா இருக்காது. 110 கிடையாது, 120 கிடையாது, 204 கிடையாது. நாங்க 100-லேர்ந்து 234 வரைக்கும் லூப் போட்டோம். 110-ல 'ஃபைல் இல்லை'னு எர்ரர். நண்பன் ட்ரை-கேட்ச் போட்டான். கேட்சுக்குக் கீழே ஒரு வரிகூட எழுதலை. புரோகிராம் ஜம்முனு ஓடி முடிஞ்சுது. '48 ரெக்கார்டுகளின் சராசரி'னு ரிப்போர்ட்டை பைண்டிங்கும் பண்ணியாச்சு.

எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் பக்கத்தைப் புரட்டிட்டுக் கேட்டார்: "102-ல எந்த லீடை எடுத்தீங்க தம்பி?"

"எம்.எல். டூ சார்."

"102-லயும் 104-லயும் அந்த லீடே கிடையாதே!"

ரூம்ல ஏ.சி. ஓடியும் எங்களுக்கு வேர்த்துடுச்சு.

நடந்தது இதுதான். அந்த ரெண்டு ரெக்கார்டுலயும், நோயாளியோட உடம்புல ஆபரேஷன் கட்டு இருந்ததால வழக்கமான லீடை வைக்க முடியலை. அதுக்குப் பதிலா வி-5, வி-2 லீடுகள்ல பதிவு செஞ்சிருக்காங்க. எங்க புரோகிராம் எம்.எல். டூ-வைத் தேடி, வெறுங்கையோட திரும்பி, அடுத்த ஃபங்ஷன்ல எர்ரர் கொடுத்திருக்கு. காலியான கேட்ச் அதையும் சத்தமில்லாம முழுங்கிடுச்சு. ஆக, சராசரி 46 ரெக்கார்டுக்கு. ரிப்போர்ட்ல 48!

'ரெண்டுதானே'னு நினைக்காதீங்க. இந்த டேட்டாபேஸ்ல பேஸ்மேக்கர் வெச்சவங்களோட ரெக்கார்டு மொத்தமே நாலு: 102, 104, 107, 217. அதுல பாதியை நாங்க தெரியாமலே தூக்கிப் போட்டிருக்கோம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கோம், அதுவும் எங்களுக்கே தெரியாம!

சரி, என்ன செஞ்சிருக்கணும்? எர்ரரைப் பிடிச்சு, உட்கார வெச்சு, விசாரிச்சிருக்கணும்.

ஒரு காலத்துல மேட்லாப்ல இதுக்கு 'லாஸ்ட் எர்'னு ஒரு ஃபங்ஷன். கடைசியா வந்த எர்ரரோட வாசகத்தைக் கொடுக்கும். 2007-ன் இரண்டாவது பதிப்புல 'எம்-எக்ஸெப்ஷன்' வந்துச்சு. கேட்ச் பக்கத்துல எம்.இ.-னு ஒரு பேர் எழுதினா போதும் (நீங்க மேல படிக்கப்போற எம்.இ. இல்லை!). எர்ரரோட மொத்த ஜாதகமும் அந்த வேரியபிள்ல வந்து உட்கார்ந்துடும். எம்.இ. போட்டு, ஒரு புள்ளி வெச்சு, வேணுங்கிறதைக் கேளுங்க.

* ஐடென்டிஃபையர்: இது எந்த வகை எர்ரர்னு சொல்லும். ஃபைல் கிடைக்கலைன்னா 'மேட்லாப்:லோட்:குட்நாட்ரீட்ஃபைல்'னு இருக்கும்.

* மெசேஜ்: நாம வழக்கமா படிக்கிற சிவப்பு வாசகம்.

* ஸ்டேக்: எந்த ஃபைல், எந்த ஃபங்ஷன், எத்தனாவது வரி. முதல் இடத்துல எர்ரர் வெடிச்ச இடமே இருக்கும். அது மேட்லாபோட சொந்த ஃபங்ஷனா இருந்தா குழம்பாதீங்க. பட்டியல்ல அப்படியே கீழே இறங்கினா உங்க ஃபைலோட பேர் வரும். கோளாறை அங்கேர்ந்து தேடுங்க.

எல்லாத்தையும் ஒரே மூச்சுல பார்க்கணும்னா 'கெட் ரிப்போர்ட்'னு கேளுங்க. மொத்தத்தையும் அழகா எழுதிக் கொடுத்துடும். அதை அப்படியே ஒரு லாக் ஃபைல்ல சேமிச்சுட்டு நிம்மதியா தூங்கலாம்.

இப்ப எங்க லூப்பைத் திருத்துவோம். கேட்சுக்குள்ள முதல்ல ஐடென்டிஃபையரைப் பாருங்க. 'ஃபைல் இல்லை' வகைன்னா, அது எதிர்பார்த்ததுதான், அடுத்த நம்பருக்குப் போகலாம். வேற எதுவா இருந்தாலும் ரெக்கார்டு நம்பர், மெசேஜ், வரி நம்பர் மூணையும் குறிச்சுக்கோங்க. தாங்க முடியாத எர்ரர்னா 'ரீ-த்ரோ' போட்டு மறுபடி வெளியே வீசிடுங்க. லூப் முடிஞ்சதும் எத்தனை தேறுச்சு, எத்தனை விழுந்துச்சுன்னு ஒரு வரி அச்சிடுங்க. அந்த ஒரு வரி இருந்திருந்தா எங்களுக்கு வேர்த்திருக்காது.

ஒரு எச்சரிக்கை. எர்ரர் வகையை மெசேஜை வெச்சு முடிவு பண்ணாதீங்க. தெரியாத வேரியபிளுக்கு பழைய பதிப்புகள் 'அன்டிஃபைண்ட்'னு திட்டும், புதுப் பதிப்புகள் 'அன்ரெகக்னைஸ்ட்'னு திட்டும். வாசகம் மாறினாலும் ஐடென்டிஃபையர் அதேதான். நீங்களே எர்ரர் வீசும்போதும் ஒரு ஐடென்டிஃபையர் வெச்சு வீசுங்க. இல்லைன்னா அந்த இடம் காலியாத்தான் இருக்கும்.

மேட்லாப் வாங்கக் காசில்லையா? இலவசமா கிடைக்கிற ஆக்டேவ்லயும் ட்ரை-கேட்ச் இருக்கு, ஐடென்டிஃபையர், மெசேஜ், ஸ்டேக் மூணும் இருக்கு. ஆனா அங்கே ஐடென்டிஃபையர்கள் பெரும்பாலும் 'ஆக்டேவ்'னு ஆரம்பிக்கும். மேட்லாப்ல எழுதினதை அப்படியே கொண்டுபோனா ஒத்துப்போகாது, கவனம்.

கடைசியா ஒண்ணு. பேஸ்மேக்கர் ரெக்கார்டு நாலையும் ஒதுக்கிட்டு ஆராய்ச்சி பண்றது இந்தத் துறையில வழக்கம்தான். ஆனா அவங்க 'இந்த நாலை ஒதுக்கியிருக்கோம்'னு எழுதிட்டு ஒதுக்குவாங்க. எக்ஸாமினர் எங்களைத் திட்டினது ரெண்டு ரெக்கார்டை விட்டதுக்காக இல்லை, விட்டதே தெரியாம இருந்ததுக்காக.

இன்னிக்கே உங்க புராஜெக்ட் ஃபைலைத் திறந்து, 'கேட்ச்'னு தேடிப் பாருங்க. கீழே காலியா இருந்தா... வைவாவுக்கு இன்னும் நாள் இருக்குல்ல?

அடுத்த வாரம் பார்ப்போம்!