எலி கடித்த காது



போன மாதம் குடும்பத்தோடு கல்வராயன் மலைக்குப் போனோம். கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலை ஏறும்போது காருக்கு மூச்சு வாங்கியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம்தான் ஏறியது, வண்டி ஏறவில்லை. டாஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தது.

அந்த விளக்கு எனக்குப் பழைய பழக்கம். இரண்டு மாதத்துக்கு முன் அது எரிந்தபோது, எங்கள் பக்கத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, “பி0325 காட்டுது, நாக் சென்சார் போச்சு” என்று புதிதாக ஒன்றை மாட்டினார்கள். பில் கனமாகவே வந்தது. பழையதை டிக்கியில் போட்டுக் கொடுத்தார்கள். விளக்கு பதினைந்து நாள் அணைந்திருந்தது.

திரும்பும்போது தியாகதுருகம் தாண்டி, எலவனாசூர்கோட்டையில் பைபாஸில் ஏறாமல் ஊருக்குள் வண்டியை விட்டேன். புளியமரத்தடியில் ஒரு பட்டறை. மெக்கானிக்குக்கு அறுபது தாண்டியிருக்கும். இந்தப் பக்கத்தில் எழுதப்போகிறேன் என்றதும், “பேரைப் போட்டுடாதீங்க சார், எல்லாரும் இங்க வந்து நின்னா என்கிட்ட ஒரு ஜாக்கிதான் இருக்கு” என்றார். அதனால் பெயர் இல்லை.

அம்பாசடர் காலத்தில் அவர் காதுதான் சென்சார். இன்ஜின் பிளாக்கில் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பாராம். உள்ளே சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம் வந்தால் அது நாக்கிங். பிளக் பற்றவைத்த தீ சிலிண்டர் முழுக்கப் பரவுவதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடிப்பதால் வரும் சத்தம் அது. மேட்டில் கியரைக் குறைக்காமல் இழுத்தால் சீக்கிரம் வரும். விட்டுவிட்டால் பிஸ்டனே ஓட்டையாகும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் ஒரு நூல் திருப்பி, தீப்பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்துவார். வேலை முடிந்தது.

இன்று அதே வேலையை, பிளாக்கில் ஒரே போல்ட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு வளையம் செய்கிறது. உள்ளே இருப்பது நம் அடுப்பங்கரை கேஸ் லைட்டரின் சங்கதிதான்: அழுத்தினால் மின்சாரம் தரும் படிகம். கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டுபிடித்த குணம் அது. நாக்கிங்கின் அதிர்வு நொடிக்கு ஆறாயிரம், ஏழாயிரம் என்ற கணக்கில் வரும். படிகம் அதை மில்லிவோல்ட்டாக மாற்றி அனுப்ப, கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தாமதப்படுத்தும். காது கேட்கவில்லை என்று தெரிந்தால், எதற்கு வம்பு என்று எப்போதுமே தாமதப்படுத்தி வைத்துக்கொள்ளும். இன்ஜின் தப்பிக்கும்; இழுவையும் மைலேஜும் போய்விடும். மலையில் எனக்கு நடந்தது இதுதான்.

அவர் புது சென்சாரைத் தொடவே இல்லை. டிக்கியிலிருந்த பழையதை எடுத்து மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் வைத்து, ஸ்பேனரால் லேசாகத் தட்டினார். எண் துள்ளியது. மறுபடி தட்டினார், மறுபடி துள்ளியது. “இது நல்லாத்தான சார் இருக்கு!” பில் தொகையை அவரிடம் நான் சொல்லவில்லை.

அப்புறம் ஒயரைப் பிடித்தார். கனெக்டரைக் கழற்றி, மீட்டரைக் கூவ விட்டு, ஒயரை ஒவ்வொரு சாணாக ஆட்டிக்கொண்டே போனார். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஓரிடத்தில் கூவல் விட்டு விட்டு வந்தது. டார்ச் அடித்துக் காட்டினார். எலி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கரும்பு வெட்டிய கொல்லை. அப்போதுதான் அந்த இரண்டையும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றியது. மேல் ரப்பரைத் தின்று, உள்ளே சுற்றியிருந்த வலையையும் பிய்த்திருந்தது. அந்த வலைதான் இக்னிஷன் இரைச்சல் உள்ளே புகாமல் காக்கிறது. அதனால் முறுக்கி டேப் சுற்றும் வைத்தியத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வலை சுற்றிய ஒயர்த் துண்டையே வாங்கி வரச் சொல்லிப் பற்றவைத்தார்.

கடைசியாக டார்க் ரெஞ்ச். அந்தப் பட்டறையில் பளபளப்பாக இருந்த ஒரே பொருள் அதுதான், துணியில் சுற்றி வைத்திருந்தார். சென்சார் உட்காரும் இடத்தைத் துரு போகத் துடைத்து, வாஷர் எதுவும் போடாமல், என் வண்டிக்கான 20 நியூட்டன் மீட்டரில் முடுக்கினார். தளர்ந்தாலும் அதிகம் இறுகினாலும் காது தப்பாகக் கேட்குமாம்.

எத்தனால் கலந்த பெட்ரோலால் வந்த கோளாறோ என்றும் கேட்டேன். எத்தனாலைப் பற்றி வேறு குறைகள் சொல்லலாம், இந்தப் பழியைப் போட முடியாது. அதன் ஆக்டேன் எண் பெட்ரோலைவிட அதிகம், நாக்கிங்கை அது அடக்கத்தான் செய்யும்.

பழைய சென்சார் இப்போது என் மேசையில், மின்விசிறிக் காற்றில் இந்த இதழின் மெய்ப்புத் தாள்கள் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவர் அந்தச் சத்தத்தை ‘கல்லு குலுங்குது’ என்கிறார். உங்கள் ஊர்ப் பட்டறையில் என்ன சொல்கிறார்கள்? ஒரு கார்டு போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்