மின்கலத்தைக் குறை கூறுமுன்



விழுப்புரத்தையும் காட்பாடியையும் இணைக்கும் இருப்புப்பாதையில் அமைந்தது நமது போளூர். இரயிலைப் பார்த்தே வளரும் நம் சிறுவர்க்கு, ரேடியோ அலையால் இயங்கும் சிறிய எஞ்சின் ஒன்று கிடைத்தால் மகிழ்ச்சிக்கு அளவேது? ஆனால், பல மணி நேரம் மின்னேற்றம் செய்தும் ஒருநாள் அது பத்தடி ஓடி நின்றுவிடுகிறது. "பேட்டரி போய்விட்டது" என்று நாம் உடனே தீர்ப்புக் கூறி, புதியது வாங்கப் பணத்தை எண்ணுகிறோம். விசாரணைக்கு முன்னே தீர்ப்பு!

மெய்யான இரயிலைப் பாருங்கள். பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-இல் தொடங்கப்பட்டது. அங்கு 2018 வரை உருவான பழைய வகைப் பெட்டிகள் பலவற்றில், வண்டி நிற்கையில் விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரம் தந்தது அடியில் இருந்த 110 வோல்ட் மின்கல அடுக்கே. வண்டி ஓடுகையில் சக்கர அச்சு பெல்ட் வழியாக மின்னாக்கியைச் சுழற்றி அதனை நிரப்பும். பெல்ட் அறுந்துவிட்டால், எத்தனை புதிய மின்கலங்களை வைத்தாலும் முடிவில் இருளே மிஞ்சும். ஆகவே, மின்சாரம் வரும் வழியை முதலில் ஆராய்தல் வேண்டும்.

பொம்மை எஞ்சினுக்கும் இதுவே முறை. சுவர்ப் பிளக்கில் மின்சாரம் உண்டா என்பதைப் பெரியவர் சோதிக்கட்டும். அடுத்து, சார்ஜரின் வோல்ட் அளவு. 7.2 வோல்ட் மின்கலத்திற்கு 6 வோல்ட் சார்ஜரை இணைத்தால் அது ஒருநாளும் நிறையாது. பள்ளத்து நீர் தானே மேடேறுமா? பின்னர் எஞ்சினின் சுவிட்சு. பல எஞ்சின்களில், அது ஓட்டும் நிலையில் இருந்தால் மின்னேற்றம் நடைபெறாது. அதன்பின் ஃப்யூஸ், பச்சை பூத்த முனைகள், அதிர்வினால் விட்டுப்போன பற்றவைப்பு ஆகியவற்றைக் காண்க.

சார்ஜரை மாட்டியவுடனே பச்சை விளக்கு எரிந்தால் மகிழ வேண்டாம். நிறைந்த மின்கலமும் மின்சாரம் ஏற்காது. அறுந்த கம்பியும் ஏற்காது. விளக்கிற்கு இரண்டும் ஒன்றே!

நேரக் கணக்கும் தேவை. 1800 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள நிக்கல் மின்கலத்தை 180 மில்லி ஆம்பியரில் நிரப்பப் பத்து மணி போதும் என்று தோன்றும். இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 14 மணி ஆகும். மின்வெட்டு நேர்ந்தால் அந்நேரத்தையும் கூட்டிக்கொள்க.

இவையாவும் சரியாயிருந்தால் மட்டுமே மின்கலத்தை ஐயுறலாம். 7.2 வோல்ட் அடுக்கில் 1.2 வோல்ட் அறைகள் ஆறு உள்ளன. மின்னேற்றிய பின்னும் மல்டிமீட்டர் 6 வோல்ட் அளவே காட்டினால், ஓர் அறை செத்திருக்கக்கூடும். அப்போது அடுக்கு முழுவதையும் மாற்றுக. பழையதோடு புதியதைக் கலவாதீர்.

லித்தியம் மின்கலமாயின் எச்சரிக்கை மிகுதியும் வேண்டும். அதற்குரிய சார்ஜரையே பயன்படுத்துக. உப்பியிருந்தால் மின்னேற்றாதீர், துளைக்காதீர், குப்பையிலோ நெருப்பிலோ எறியாதீர். வீட்டார் உறங்கும்போது, அதுவும் பிள்ளையின் படுக்கையருகே, அதனை மின்னேற்றத்தில் விட்டுவைத்தல் ஆகாது. தீப்பற்றினால் இழப்பு பொம்மையோடு நில்லாது.

பெற்றோரே, அடுத்த முறை எஞ்சின் நின்றால், கடைக்குப் புறப்படுமுன் பிள்ளையை அருகே அமர்த்தி ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பணம் மிஞ்சலாம். ஆராயாமல் எதன்மீதும் பழிபோடலாகாது என்பதையும் பிள்ளை தன் கண்ணாலேயே கண்டுகொள்ளும்.