தோளுக்கு ஓய்வளிப்பதும் சங்கத்தின் கடமையே

நெசவாளருக்கும் உழவருக்கும் கையே முதல். அந்தக் கை மரத்துப்போனால் தறியும் நிற்கும். வயல் வேலையும் நிற்கும். ஆதலின் தோளையொட்டி உண்டாகும் ஒரு நோயைப் பற்றியும், அதற்கு இக்காலத்தில் செய்யப்படும் சிறுதுளை அறுவைச் சிகிச்சையைப் பற்றியும் அங்கத்தினர்கள் சிந்தித்தல் அவசியமாகும்.

கழுத்தின் அடியில், காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே ஒரு குறுகிய வழி உண்டு. கைக்குரிய நரம்புகளும் இரத்தக் குழாய்களும் அதன் ஊடே செல்கின்றன. அவ்வழி நெருக்கமுற்றால் தோளில் வலியும், மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் மரமரப்பும், பிடியில் தளர்ச்சியும் தோன்றும். இதற்குத் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்று 1956இல் பெயரிட்டனர். பிறவியிலேயே கழுத்தில் மிகையாக அமைந்த விலா எலும்பு, விபத்து, ஓயாமல் கையை உயர்த்திச் செய்யும் வேலை, தோளை அழுத்தும் பாரம் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். கழுத்தைக் குனிந்தபடி நாடா ஓட்டும் நெசவாளர், மருந்து தெளிக்கும் பம்பைத் தோளில் மாட்டும் விவசாயி, நாம் நெய்த சேலையைத் தியாகராய நகர்க் கடையின் மேல்தட்டிலிருந்து எடுத்துத்தரும் சிப்பந்தி, மயிலாப்பூர்ச் சபையில் பிடில் வாசிக்கும் வித்துவான் ஆகிய எவருக்கும் இது வரக்கூடும்.

நெருக்கும் எலும்பை நீக்கி வழியை அகலமாக்குவதே அறுவைச் சிகிச்சையின் நோக்கம். 1861இல் லண்டனில் ஹோம்ஸ் கூட் என்பவர் கழுத்து விலாவை அகற்றினார். 1966இல் அமெரிக்க நிபுணர் டேவிட் ரூஸ், அக்குள் வழியே முதல் விலாவை எடுக்கும் முறையை வெளியிட்டார். 1990களின் இறுதியிலிருந்து, விலா இடுக்குகளில் சில துளைகளிட்டு, காமிராவின் துணைகொண்டு அதே எலும்பை எடுக்கும் முறையும் வளர்ந்துள்ளது. காயம் சிறிது, உள்ளிருப்பவை பெரிதாகத் தெரிகின்றன. இவை மெய்யான நன்மைகளே. எனினும், துளை சிறிதென்பதால் தீர்மானமும் சிறிதாகிவிடாது. பக்கத்தில் இருப்பவை அதே நரம்புகளும் அதே இரத்தக் குழாய்களுமே. அறுவை செய்யாதிருப்பதைவிடச் செய்வதே மேல் என்று நிலைநாட்டும் முறையான ஒப்பீட்டு ஆராய்ச்சி இல்லையென 2014ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு கூறிற்று.

நரம்பு நெருக்கமே இந்நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு உள்ளது. அவர்களுக்குச் சில மாதங்கள் தேகப்பயிற்சியும், உட்காரும் முறையில் திருத்தமும், ஓய்வுமே முதற்சிகிச்சை. அதில் பலர் குணமடைகின்றனர். ஆனால் கை திடீரென வீங்கி நீலம் பாரித்தாலோ, விரல்கள் வெளுத்துக் குளிர்ந்தாலோ தாமதிக்கலாகாது. அன்றே மருத்துவமனையை அடைய வேண்டும்.

இங்குதான் நம் சங்கங்களின் பொறுப்பு எழுகின்றது. ஆண்டு வருமானம் ரூ. 1,20,000க்கு மேற்படாத குடும்பங்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை உதவுகின்றது. அவ்வுதவி பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்குரியது. மூன்று மாதம் தறியில் உட்காராதவருக்குக் கூலி தருவார் யார்? பயிற்சிக்கு நகரத்துக்குப் போய்வரச் செலவு தருவார் யார்? கத்திக்குப் பணம் கிடைத்து, ஓய்வுக்குப் பணம் கிடைக்காவிடில், ஏழை அங்கத்தினர் கத்தியையே நாடுவார். அன்றேல் வலியோடு உழைத்துக் கையை இழப்பார்.

சென்னை அடையாற்றை அடுத்து, டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958இல் தொடங்கிய வாலண்டரி ஹெல்த் சர்வீஸ் நமக்கு வழிகாட்டுகின்றது. குடும்பங்கள் நோயுறுமுன்பே தத்தம் வருமானத்துக்கேற்பச் சந்தா செலுத்தி வைத்தியம் பெறும் ஏற்பாட்டை அது மேற்கொண்டது. இது கூட்டுறவின் தத்துவமேயன்றோ?

இலாபம் குறைந்த சங்கம் இதற்கு எங்கே போகும் எனச் சிலர் வினவலாம். தேர்ந்த நெசவாளர் ஒருவரின் தறி நிரந்தரமாக நின்றுபோனால் சங்கத்துக்கு நேரும் நஷ்டத்தையும் அவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். மாதந்தோறும் ஒவ்வோர் அங்கத்தினரும் சிறு தொகை செலுத்தி, ஓய்வுக்கால உதவி நிதி ஒன்றை அமைத்தல் வேண்டும். வைத்தியரின் சான்றின்பேரில் அதிலிருந்து உதவி வழங்கலாம். தோளுக்குச் சிரமம் தராத வேலையையும் அக்காலத்தில் ஒதுக்கித் தரலாம். அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொணருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.