நாய்க்குச் சினை ஊசி, கத்தியோடு!

தமிழ்நாட்டுக் கிராமங்களில் மாட்டுக்குச் சினை ஊசி போடுவதைப் பார்க்காதவர்கள் குறைவு. டாக்டர் வருவார். கூடவே ஒரு நைட்ரஜன் கேன் வரும், அதற்குள் மைனஸ் 196 டிகிரியில் உறைவிந்துக் குச்சிகள் இருக்கும். சில நிமிட வேலைதான். மாடு கொஞ்சம் நெளியும், அப்புறம் வைக்கோலைத் தின்னப் போய்விடும்.

அதே வேலையை நாய்க்குச் செய்யும்போது வயிற்றைக் கிழிக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் இது பல வருடங்களாக நடந்து வந்திருக்கிறது. பெட்டை நாய்க்கு முழு மயக்கம் கொடுத்து, மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்று முடியைச் சிரைத்து, கத்தி வைத்து, கருப்பையை வெளியே எடுத்து, அதற்குள் நேரடியாக ஊசியால் விந்தை ஏற்றி, திரும்ப உள்ளே வைத்துத் தையல் போடுவார்கள். நாய்க்கு எந்த வியாதியும் கிடையாது. நல்லபடியாக வாலை ஆட்டிக்கொண்டு நடந்து வந்த நாய்தான் அது.

ஏன் இந்தக் கூத்து? காரணம் இல்லாமல் இல்லை. சாதாரணமாகச் சேர்ந்தால் ஆண் நாயின் உயிரணுக்கள் பெட்டையின் உடம்புக்குள் ஐந்தாறு நாள்கூட உயிரோடு இருக்கும். உறையவைத்து உருக்கிய விந்துக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது, ஒரு நாள் தாங்கினாலே அதிகம். நீந்தும் தெம்பும் குறைவு. அதனால் கருப்பைக்குள்ளேயே கொண்டுபோய் விடவேண்டும். மாட்டுக்கு ஆசனவாய் வழியாகக் கையை விட்டுக் கருப்பை வாயைப் பிடித்துக்கொண்டு குழாயைச் செலுத்தலாம். நாய் சின்னப் பிராணி, அதற்கு இடமில்லை. போகிற பாதையும் நீளம், கோடியில் கருப்பை வாய் வளைந்து மறைந்திருக்கும். பசு கிட்டத்தட்ட 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், இந்தத் தடவை தவறினால் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். நாய்க்கு ஏறக்குறைய ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஆக, "ரிஸ்க் எதற்கு, கிழித்தே வைத்துவிடுங்கள்" என்கிறார் உரிமையாளர். (ரிஸ்க் யாருக்கு என்பதை அவர் சொல்வதில்லை.)

வேடிக்கை என்னவென்றால், செயற்கைக் கருவூட்டலின் சரித்திரமே ஒரு நாயிலிருந்துதான் தொடங்குகிறது. 1780 வாக்கில் இத்தாலியில் ஸ்பல்லான்சானி என்ற பாதிரியார்-விஞ்ஞானி ஒரு பெட்டை நாய்க்குப் பீச்சாங்குழல் மாதிரி ஒன்றால் விந்தைச் செலுத்த, 62 நாள் கழித்து அது மூன்று குட்டிகள் போட்டது. கத்தியே இல்லை! புது விந்து, அதனால் வேலை சுலபம். உறைவிந்தில் நாய்க்குட்டி பிறந்ததாக அறிவியல் இதழில் செய்தி வந்தது 1969-ல், அமெரிக்காவிலிருந்து. சிக்கல் ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அந்தச் சிக்கலுக்கும் தீர்வு வந்து ரொம்ப நாளாகிறது. 1970-களிலேயே நார்வேயில் வயிற்றை வெளியிலிருந்து கையால் அழுத்திக் கருப்பை வாயைப் பிடித்துக்கொண்டு மெல்லிய உலோகக் குழாயைச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். பிறகு நியூசிலாந்தில் எண்டோஸ்கோப்பை வைத்து, கருப்பை வாயைத் திரையில் பார்த்துக்கொண்டே குழாயை நுழைக்கும் முறை வந்தது. பெரும்பாலான நாய்களுக்கு மயக்க மருந்துகூட வேண்டாம், நின்றபடியே செய்துவிடலாம். பழகிய கைக்குச் சில நிமிடம்தான். சினை பிடிப்பதும் அறுவை முறைக்குக் கிட்டத்தட்ட ஈடாகவே இருக்கிறது. போதாததற்கு ஒரே பருவத்தில் இரண்டு தடவை செய்யலாம். வயிற்றை இரண்டு தடவை கிழிக்க முடியுமா?

பிறகு ஏன் கத்தி? இங்கேதான் காமர்ஸ் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் எக்ஸ்டர்னாலிட்டி வருகிறது. ஒருவர் லாபம் பார்க்க, அதன் செலவை வியாபாரத்தில் சம்பந்தமே இல்லாத இன்னொருவர் தலையில் கட்டுவது. ஆபரேஷன் தியேட்டரும் கத்தியும் எல்லா மிருக ஆஸ்பத்திரியிலும் ஏற்கெனவே இருக்கின்றன. எண்டோஸ்கோப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், அதைவிட முக்கியமாக, மாதக்கணக்கில் பழக வேண்டும். டாக்டருக்கு மிச்சம், உரிமையாளருக்கு நிம்மதி. மயக்க மருந்தின் ஆபத்து, தையல் வலி, புண் சீழ் பிடிக்கும் பயம் எல்லாம் நாய்க்கு. பில்லில் நாய்க்கென்று ஒரு வரி கிடையாது.

பந்தய நாய்கள் விஷயத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். ஆஸ்திரேலியாவில் கிரேஹவுண்ட் பந்தயம் பெரிய சூதாட்டத் தொழில். ஜெயித்த நாயின் விந்தைக் குச்சிகளில் அடைத்து விற்பார்கள், நாய் செத்த பிறகும் வியாபாரம் ஓடும். (பிரெட் லீ என்ற பெயரில் அங்கே ஒரு சாம்பியன் நாய் இருந்தது, பின்னாளில் ஏகப்பட்ட குட்டிகளுக்கு அப்பாவானது. கிரிக்கெட் வீரர் என்ன நினைத்தாரோ!) அங்கே உறைவிந்தும் வயிற்று ஆபரேஷனும் வெகு சாதாரணமாக இருந்து வந்திருக்கின்றன. அவ்வளவு செலவு செய்து பிறக்கவைத்த குட்டிகளின் கதி என்ன? நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் முன்னாள் உயர்நீதிமன்ற நீதிபதி மைக்கேல் மக்யூ நடத்திய விசாரணை 2016-ல் சொன்னது: அதற்கு முந்தைய 12 வருடங்களில் பிறந்த 97,783 நாய்களில், வேகம் போதாதென்று கொல்லப்பட்டவை 48,891 முதல் 68,448 வரை இருக்கலாம். அந்த ஜூலையில் பந்தயத்துக்கே தடை என்று அறிவித்த மாநில அரசு, அக்டோபரில் பின்வாங்கிவிட்டது.

புல்டாக் கதை இன்னொரு விதம். தலை பெருத்து, இடுப்பு குறுகும்படி மனிதன் வளர்த்துவிட்ட ஜாதி அது. 2010-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில் புல்டாக் பிரசவங்களில் 86 சதவீதத்துக்கு மேல் சிசேரியன். உள்ளே அனுப்பவும் கத்தி வைத்தால், சுமார் 63 நாளில் ஒரே வயிற்றில் இரண்டு வெட்டு. தானாகச் சேரவும் முடியாது, தானாக ஈனவும் முடியாது என்றால், அந்த வம்சத்தை அதே உருவத்தில் இழுத்துக்கொண்டு போவது யாருக்காக?

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அருகிவரும் நாய் இனங்களுக்கு உறைவிந்து ஒரு வரம். ஆஸ்திரேலியா மாதிரி கெடுபிடியான நாடுகளுக்கு நாயை விமானத்தில் ஏற்றி, குவாரன்டைனில் அடைத்து வைப்பதைவிடக் குச்சியை அனுப்புவது எவ்வளவோ மேல். எனவே உறைவிந்தே கூடாது என்பது பேச்சல்ல. "கிழித்தால்தான் கருப்பையில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க முடியும்" என்றும் ஒரு வாதம் உண்டு. பார்ப்பதற்கு ஸ்கேன் இருக்கிறது, சார். பார்ப்பதற்காக எந்த டாக்டரும் முதலில் வயிற்றைத் திறப்பதில்லை.

பிரிட்டனில் இந்த ஆபரேஷனுக்குச் சட்டத்தில் இடமில்லை. அதனால் அங்கே நாய் வளர்ப்பவர்கள் யாரும் கடையைச் சாத்திவிடவில்லை. மற்ற நாடுகளில் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஜாதி நாய்க்குட்டியின் விலையே அதன் பதிவுச் சான்றிதழில்தான் இருக்கிறது. கென்னல் கிளப்புகள் விண்ணப்பப் படிவத்தில் கருவூட்டிய முறை என்று ஒரு கட்டம் போட்டு, டாக்டரின் கையெழுத்தையும் கேட்டு, வயிற்றைக் கிழித்திருந்தால் பதிவு கிடையாது என்று அறிவிக்கட்டும். எண்டோஸ்கோப் பழகுவதற்கு டாக்டர்கள் தாங்களாகவே வரிசையில் நிற்பார்கள்.