வழியில்லா மின்னூல் பூட்டிய பெட்டகம்!

வேளச்சேரிக்கு அண்மையில் தமிழ் நூற்காப்புக்கென இரு நிலையங்கள் உள. தரமணியிலுள்ள உரோசா முத்தையா ஆய்வு நூலகம், கோட்டையூர் முத்தையா வாழ்நாளெல்லாம் தொகுத்த நூல்களைக் கொண்டு 1994-இல் தோன்றியது. கோட்டூர்புரத்துத் தமிழ் இணையக் கல்விக்கழகம், நாட்டுடைமையாக்கப்பெற்ற நூல்களை மின்படிகளாக்கி உலகத் தமிழர்க்கு வழங்கி வருவது. கறையானுக்கு இரையாக வேண்டிய ஏடுகள் இன்று வேளச்சேரி மாணவன் கையிலுள்ள பேசிக்கே வந்து சேர்கின்றன. வந்து சேர்ந்த நூலுக்குள் அவன் புகுவதற்கு வழியுண்டா என்பதே வினா.

மின்படிகள் பலவும் பக்கங்களின் ஒளிப்பட அடுக்குகளே. படத்திலுள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக அறியாது. ஆகவே சொல்லிட்டுத் தேடினாலும் கிட்டாது. முன்னுரைப் பக்கங்களும் சேர்ந்துவிடுவதால், அச்சுநூலின் பக்க எண்ணும் கோப்பின் பக்க எண்ணும் ஒத்துவாரா. ஐந்நூறு பக்கங்களைத் தள்ளித் தள்ளிச் சலித்தவன் நூலையே மூடிவிடுகின்றான். மூடப்பட்ட நூல் கறையான் தின்ற நூலினும் எவ்வகையில் மேம்பட்டது?

இக்குறைக்கு மருந்து அக்கோப்பிலேயே உளது. 1993-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட பி.டி.எப். கோப்புமுறை, 2008 முதல் உலகப் பொதுத்தரமாக விளங்குவது. அதன் ஓரத்தில் பக்கக்குறிகளை அடுக்கலாம். பொருளடக்கத்தின் ஒவ்வொரு வரிமீதும் இணைப்பு இடலாம். தொல்காப்பியத்திற்கு எழுத்து, சொல், பொருள் என மூன்று தலைக்குறிகள்; ஒவ்வொன்றின் கீழும் ஒன்பது இயற்குறிகள்; ஆக முப்பதே குறிகள்! ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் செய்யும் இப்பணியால், பின்வரும் அனைவரும் வேண்டிய இயலை ஒரே தொடுகையில் அடைவர்.

செய்வதைச் செம்மையாகச் செய்தல் வேண்டும். இணைப்பைச் சூழும் கட்டம் எழுத்தை மறைத்தலாகாது. கட்டத்தை மறைத்து, மெல்லிய அடிக்கோடும் ஒரே நிறமும் இட்டால் போதும். உரைநூலை மூலத்தோடு இணைப்போர் இரு கோப்புகளையும் ஒரே உறையில் வைத்துக் காத்தல் வேண்டும். ஒன்றன் பெயரையோ இடத்தையோ மாற்றின் இணைப்பு அறுந்துபோகும். புதிதாகத் தட்டெழுதுவோர்க்கு விலையில்லா இலிபர் ஆபீசே போதும். தலைப்புகளை முறையாக வகுத்துக் கோப்பாக்கின் பக்கக்குறிகள் தாமே அமையும்.

எல்லாவற்றினும் இன்றியமையாதது குறிகளின் பெயர். தமிழ்நூலின் வாயிலில் 'சாப்டர் ஒன்று' என்று ஆங்கிலத்தில் எழுதி வைப்பது, தமிழ்வீட்டுக்கு அயலார் பெயர்ப்பலகை மாட்டுவதாகும். தமிழெழுத்து அங்கு நில்லாது என்னும் சாக்கும் இனிச் செல்லாது. ஒருங்குறியில் எழுதிய தமிழ் அங்குச் செவ்வனே நிற்கும். தமிழ்நாட்டரசும் 2010-இலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது.

இஃது எழுத்தர் வேலைதானே என்று எள்ளுவோர் உளர். ஏட்டுச் சுவடிகளை அச்சேற்றிய அறிஞர்கள் அடைவும் அகரவரிசையும் அமைக்க உழைத்த உழைப்பை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். நூலைக் காத்தல் பாதித் தொண்டே. கற்பார்க்கு அதனைத் திறந்து வைத்தலே முழுத்தொண்டு. தமிழ் மன்றந்தோறும் திங்களுக்கு ஒரு நூலேனும் எடுத்து வழியமைத்துத் தருக!